டாம் மிட்ஃபோர்ட் ஜெர்மன் முனையில் இறக்கவில்லை

பிரிட்டிஷ் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த மிட்ஃபோர்ட் சகோதரிகளின் ஒரே சகோதரன் டாம் இரண்டாம் உலகப் போரில் ஹிட்லர் படையை எதிர்த்து மாண்டார், அவரோடு குடும்பத்தின் ரீட்ஸ்டேல் பிரபுப் பட்டமும் அழிந்தது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1909-இல் பிறந்த டாம், ஜெர்மானியரோடு போரிட விரும்பாமல் கிழக்கே அனுப்பும்படி கேட்டுக்கொண்டவர். பர்மாவில் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் காயமுற்று 1945 மார்ச் 30-இல் இறந்தார். கல்லறை யாங்கோன் அருகே, தௌக்யான் போர் மயானத்தில்.

பட்டம்? அது தந்தையிடம் இருந்தது; 1958-இல் அவர் இறந்ததும் டாமின் சித்தப்பா பெர்ட்ரமுக்குப் போனது.

டாமின் இறப்பால் கைமாறியது ஸ்காட்லாந்தின் இன்ச் கென்னத் தீவுதான். அது டாம் பெயரில் இருந்தது, உயில் இல்லை. அன்றைய ஸ்காட்லாந்து சட்டப்படி தந்தைக்குப் போகாமல் ஆறு சகோதரிகளுக்குப் பங்கானது. கம்யூனிஸ்டான ஜெசிகாவுக்கும் ஆறிலொன்று!