சாப்பிடுகிற ரூமில் எதற்குக் கேமரா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜாக்கெட் அளவு கொடுக்க எங்கள் பக்கத்துத் தெருப் பெண் வந்திருந்தாள். தருமபுரி டவுனில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலை செக்ஷனில் நிற்கிறாள். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள் லீவு, அது செவ்வாய். கை அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நீங்க கடையில இருந்தப்ப சாப்பிடற ரூம்ல கேமரா இருந்துச்சா?"

நான் அளவு டேப்பைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் காலத்தில் சாப்பிடுவதற்கு ரூமே கிடையாது. அதனால் கேமரா என்ற பேச்சுக்கும் இடமில்லை.

வேறொரு கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள் நான். மூன்றாவது மாடியிலிருந்து மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டு திரும்புகிற இடம்தான் எங்களுக்குச் சாப்பாட்டு இடம். ஒரு பக்கம் பிரிக்காத துணி மூட்டைகள், இன்னொரு பக்கம் உடைந்த பொம்மைகளின் கை கால்கள். மூட்டை மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். படியில் யாராவது ஏறி வந்தால் காலை மடக்கி வழிவிட வேண்டும். பாலக்கோடு பக்கத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை தினமும் களி கொண்டு வருவாள். மேனேஜர் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், டப்பாவை மூடிவிடுவாள். களி சாப்பிடுவதில் என்ன வெட்கம் என்று திட்டியிருக்கிறேன். வெட்கம் களியில் இல்லை, வாய் நிறையச் சோறு இருக்கும்போது நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்ததில்தான் இருந்தது என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

இப்போது இந்தப் பெண் வேலை செய்கிற கடையில் ரூம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும் என்கிறாள். மின்விசிறி இருக்கிறது, தண்ணீர் கேன் இருக்கிறது. போன மாதம் ஒரு சுடிதார் செட் காணாமல் போனதாம். மறுநாளே சாப்பாட்டு ரூம் மூலையில் கேமரா வந்துவிட்டது. படம் பில்லிங் பக்கத்தில் இருக்கும் டிவியில் ஓடுகிறது, ஓனர் போனிலும் தெரிகிறது. அதற்கப்புறம் நடந்ததை அவள் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. கேமராவுக்கு முதுகு காட்டி உட்காருகிற இடத்துக்கு முந்துகிறார்களாம். சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் தரையில் கால் நீட்டிப் படுப்பார்கள், அது நின்றுபோய்விட்டது. யூனிஃபார்ம் சேலையை ரூமில் மாற்ற முடியாமல் பாத்ரூமுக்குள் போகிறார்கள். ஈரத் தரையில் சேலை படாமல் கொசுவத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிக்கொள்ள வேண்டும். வெளியே இரண்டு பேர் அவசரத்தில் கதவைத் தட்டுவார்கள்.

"நாங்க திருடலையே அக்கா" என்றாள்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

கடையில் நிற்கிற பெண் காலை ஒன்பதரை மணிக்குள் போனால் ராத்திரி வரைக்கும் பிறர் பார்வையில்தான் இருக்கிறாள். கஸ்டமர் பார்க்கிறார், சூப்பர்வைசர் பார்க்கிறார், ஒவ்வொரு செக்ஷனிலும் கேமரா பார்க்கிறது, வெளியே போகும்போது வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். அது வியாபாரம் நடக்கிற இடம், சரி, ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது சேலை பிரித்துப் போட்டு ஒன்று கூட எடுக்காமல் போகிறவரிடமும் சிரித்த முகமாக நிற்பதுதான் வேலை. அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் கழற்றி வைக்க ஒரு இடம் வேண்டாமா? முந்தானையைத் தளர்த்திவிட்டு, வீங்கிய பாதத்தைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் பிள்ளை சாப்பிட்டதா என்று போன் பண்ணி, வேண்டுமானால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வர ஒரு இடம். அங்கேயும் ஒரு கண் இருந்தால் அதற்குப் பெயர் ஓய்வு இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. நம் மாநிலத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. ஒரு மணி நேரம்! ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் இருபது நிமிஷம் கிடைத்தாலே எங்களுக்குப் பெரிசு. 2021 செப்டம்பரில் அதே சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்க்க சட்டசபையில் மசோதா வந்து நிறைவேறியது. ஊழியர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கிறபோது உட்காரலாம். கேரளாவில் 2018-லேயே கொண்டுவந்துவிட்டார்கள், நாம் அதற்கப்புறம். நான் வேலையை விட்டு வந்து பல வருஷம் கழித்துத்தான் இது வந்தது. செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்றைக்கு என் கால் நரம்பைத் தடவிக்கொண்டே படித்தேன்.

கேரளாவில் அது சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்களைத் திரட்டியவர் விஜி, என்னைப் போல ஒரு தையல்காரர். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. கடையில் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான் அந்த வரிசை புரியும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று மத்தியானம் வரைக்கும் தண்ணீரே குடிக்காத நாட்கள் எனக்கும் உண்டு. மாதவிலக்கு நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2022-ல் அரசாணை போட்டார்கள் இல்லையா, அதிலும் ஊழியர்களுக்கு ஓய்வறை, கழிவறை, சாமான் வைக்கப் பாதுகாப்புப் பெட்டி எல்லாம் செய்து தர வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அறை என்று எழுதினார்கள். அந்த அறைக்குக் கதவு இருக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டும், யாரும் கண்காணிக்கக் கூடாது என்பதையும் கூடவே எழுதியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் கடையில் ஒரு அக்கா குழந்தைக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டாள், வீட்டு நிலைமை அப்படி. மத்தியானம் பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைந்துவிடும். அந்தப் படிக்கட்டு மூட்டைகளுக்குப் பின்னால் அவள் உட்கார, நானும் இன்னொருத்தியும் பெட்ஷீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்போம். டம்ளரில் பீய்ச்சி பாத்ரூமில் ஊற்றிவிட்டு வருவாள். ஒரு தடவை குடோன் பையன் மூட்டை எடுக்க வந்துவிட்டான். பாவம், அவனும் பதறி ஓடினான். அவள் மட்டும் அன்றைக்கு சாயங்காலம் வரைக்கும் யாரிடமும் பேசவில்லை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று அப்போதைய மகப்பேறு சட்டத்தில் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் எங்கே போய் உட்காருவது?

முதலாளிகள் பக்கமும் பேசுகிறேன். சரக்கு காணாமல் போவது உண்மைதான். டவுனில் இடத்துக்கு வாடகை கொடுத்து மாளாது, ஒரு ரூம் ஒதுக்கினால் இரண்டு ரேக் சேலை வைக்க இடம் போகிறது. எல்லாம் சரி. ஆனால் திருட்டைப் பிடிக்கக் கேமராவை ரூமுக்கு வெளியே, வாசலைப் பார்த்து வைத்தால் போதுமே? யார் என்ன கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள், வந்தார்கள் என்று அதிலேயே தெரியும். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டியும் சாவியும் கொடுத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். உடை மாற்றுகிற இடத்தில் கேமரா என்றால் அது நிர்வாக விஷயம் என்று முடித்துவிடவும் முடியாது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பியிருக்கிற இடத்தில் அவளை அந்தரங்கமான நிலையில் பார்ப்பதும் படம் பிடிப்பதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 77-வது பிரிவில் முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரைக்கும் சிறை. இதை மிரட்டலுக்காக எழுதவில்லை. நல்ல முதலாளிகள் பலருக்கு இது தெரியாது, கேமரா மாட்டுகிற ஆள் மூலையைக் காட்டினால் மாட்டு என்று சொல்லிவிடுகிறார்கள்.

பெண்ணிடம் ஒன்றுதான் சொன்னேன். தனியாகப் போய்க் கேட்காதே, நாலு பேராகப் போங்கள், செக்ஷனில் மூத்தவரை முன்னால் விடுங்கள். பத்துப் பேருக்கு மேல் இருக்கிற கடை, பாலியல் தொல்லை பற்றி விசாரிக்கப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், அது யார் யார் என்று கேளுங்கள். பேச்சு எடுபடவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆபீஸ் இருக்கிறது, பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. அவளுக்கு பயம். வேலை போனால் வீட்டில் உலை வைப்பது எப்படி? அந்த பயத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏழு வருஷம் நானும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி பஸ்ஸில் இருந்தே மெசேஜ் போட்டிருந்தாள். ஆறு பேராகப் போய் மேனேஜரைப் பார்த்தார்களாம். அவர் ஒன்றும் திட்டவில்லையாம், ஓனரிடம் சொல்கிறேன் என்றாராம். இன்றைக்கு மத்தியானம் கேமராவை வெளியே மாற்றிவிட்டார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. அவள் லீவு வருகிற செவ்வாய்க்கிழமை, ஜாக்கெட்டை வாங்க வருவாள், அப்போது கேட்பேன்.