ஹெப்படைடிஸ் சி: தடுப்பூசி இல்லை, குணமாக்கும் குளிசை உண்டு

யாழ்ப்பாணத்தில் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தியொன்று, ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய்களான ஹெப்படைடிஸ் பி, சி ஆகியவற்றில், பி தடுப்பூசி போட்டவருக்கு சி தொற்றாது என்றும், தொற்றினாலும் செங்கண்மாரிக்குக் கொடுக்கும் கீழ்க்காய்நெல்லிச் சாறே போதும் என்றும் கூறுகிறது. இரண்டும் தவறு.

சி, பி-யிலிருந்து வேறுபட்ட குடும்பத்தைச் சேர்ந்த ஆர்.என்.ஏ. வைரஸ் என்பதால், பி தடுப்பூசி அதைத் தடுக்காது; தன்னைப் பிரதியெடுக்கும்போது நேரும் பிழைகளை அதன் நொதி திருத்துவதில்லை என்பதால், மரபணு வரிசையில் ஏறத்தாழ 30 சதவீதம் வேறுபடும் 8 மரபுவகைகளாக அது பிரிந்துள்ளதோடு, ஒரே நோயாளியின் உடலுக்குள்ளும் மாறிக்கொண்டேயிருக்கிறது. தடுப்பூசி இன்னும் உருவாகாமைக்கு இது முக்கியக் காரணம்.

சிகிச்சை கைக்கெட்டியது: சோபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த குளிசையை நாளுக்கு ஒன்றாக 12 வாரம் எடுத்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். சி தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்குச் செங்கண்மாரி போலக் கண் மஞ்சளாவதே இல்லை. சாற்றை நம்பிக் காத்திருக்கும் ஆண்டுகளில், வருந்தத்தக்க வகையில், ஈரல் ஓசையின்றித் தழும்பேறிவிடுகிறது.