இலையுதிர் காலத்தில் குறைவாக ஓட்டுங்கள்

செப்டம்பர் பிறந்ததும் கேம்பர் வேன், அதாவது படுத்துச் சமைத்துத் தங்கும் வசதியுள்ள வண்டி, வைத்திருப்பவர்களிடம் இரண்டு விதமான அவசரத்தைப் பார்க்கிறேன். சிலர் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து வண்டியை மூடிவைத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் சிவந்த இலைகளைத் தேடி நாளுக்கு 300, 400 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். மூன்று இலையுதிர் காலங்களை வேனிலேயே கழித்த எனக்கு இரண்டையும் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இந்தப் பருவத்தில் வேனில் வாழத்தான் வேண்டும். ஆனால் ஒரே இடத்தில் நாலைந்து நாள் தங்கி வாழ வேண்டும்.

முதலில் வெளிச்சம். செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகின்றன. அதை ஒட்டிய வாரங்களில்தான் பகல் மிக வேகமாகக் குறைகிறது. 50 டிகிரி வடக்கு அட்சரேகைப் பக்கம் வாரத்துக்கு ஏறக்குறைய 25 நிமிடம் போய்விடும். போன வாரக் கணக்கை வைத்துக்கொண்டு கிளம்பினால், இந்த வாரம் இருட்டில்தான் போய்ச் சேர்வோம். முதல் வருடம் நான் அப்படித்தான் மழை இருட்டில் மரத்தடிப் புல்வெளி ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். உதிர்ந்த இலைகளுக்குக் கீழே சேறு இருந்தது தெரியவில்லை. விடிந்து பார்த்தால் பின்சக்கரம் பாதி புதைந்திருந்தது. பல மான் இனங்கள் இணைசேரும் காலமும் இதுதான். அந்தி நேரத்தில் எந்தப் பக்கமிருந்து சாலையில் பாயும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் ஈரம். குளிரைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சு விட்டாலே காலையில் கண்ணாடி வியர்த்து, துடைத்த துணியைப் பிழியும் அளவுக்குத் தண்ணீர் வரும். சமைத்தால் இன்னும் கூடும். அடுப்புக்கான கேஸ் வகைகளில் ஒன்றான புரொபேன் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்பவர்கள் வேனுக்குள் அந்தத் தண்ணீரைத்தான் நிரப்புகிறார்கள். அதைவிடக் கொடியது, அடுப்பு சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். தயவுசெய்து அடுப்பில் குளிர் காயாதீர்கள். புகையை வெளியே தள்ளும் ஹீட்டரும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இல்லாமல் குளிர்ந்த இரவுகளுக்குக் கிளம்பவே வேண்டாம்.

குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் அடைத்துப் படுத்த அதே முதல் வருடம், நவம்பரில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். கீழே பலகை முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். இப்போது மெத்தைக்கு அடியில் காற்றோட இடைவெளி விட்ட மரச்சட்டங்கள் இருக்கின்றன. எவ்வளவு குளிரானாலும் கூரைச் சன்னலும் கீழே ஒரு சன்னலும் இரண்டு விரல் அளவு திறந்தே இருக்கும். வெளிக்காற்று குளிர்ந்தது, அதில் ஈரம் குறைவு. உள்ளே வந்து சூடேறினால் வேனின் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறிவிடும். ஒரே இடத்தில் தங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். வெயில் அடிக்கும் காலையில் கதவுகளைத் திறந்துபோட்டு, மெத்தையை நிமிர்த்தி, போர்வைகளை உலர்த்த அரைநாள் வேண்டும். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அந்த அரைநாள் கிடைப்பதே இல்லை. நேற்றைய ஈரத்தின் மேலேயே இன்றும் படுக்கிறார்.

ஓட்டாவிட்டால் பேட்டரி எப்படிச் சார்ஜ் ஏறும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சூரியன் தாழ்ந்து போவதால், கூரையில் படுத்திருக்கும் சோலார் பலகை கோடையில் தந்ததைத் தராது. அதன் மேல் நாலு இலை ஒட்டிக்கொண்டாலும் மின்சாரம் குறையும். நான் நாலாவது நாள் இரண்டு மணி நேரம் ஓட்டி அடுத்த இடத்துக்கு மாறுகிறேன், அல்லது மின் இணைப்பு உள்ள முகாமில் ஓரிரவு தங்குகிறேன். எனக்கு அது போதுமாக இருக்கிறது. லித்தியம் பேட்டரி என்றால் ஒரு எச்சரிக்கை: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும். அடுப்பு கேஸிலும் கவனம் வேண்டும்: பியூட்டேன் வகை, தண்ணீர் உறையும் குளிரை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும். புரொபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும் என்பதால் அக்டோபரிலேயே அதற்கு மாறிவிடுவது நல்லது.

இலைகளின் விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சள் நிறம் இலைக்குள் ஏற்கெனவே இருப்பது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்போ பல மரங்களில் இந்த நாட்களில்தான் புதிதாக உருவாகிறது. வெயில் நிறைந்த பகலும் உறையாத குளிர் இரவும் தொடர்ந்து அமைந்தால் சிவப்பு நன்றாக ஏறும். அதை ஒரே மரத்தில் நாளுக்கு நாள் பார்ப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படிச் சொல்வேன்!

போன அக்டோபரில் ஒரு ஏரிக்கரையில் ஆறு நாள் இருந்தோம். ஐந்தாம் நாள் விடியலில் புல்லெல்லாம் வெண்பனி. காற்று துளிகூட இல்லை. வெயில் மரத்தைத் தொட்டதும் இலைகள் தாமாகவே கொட்டத் தொடங்கின. வேன் கூரையில் அவை விழும் சத்தத்தைக் கேட்டபடி வெகுநேரம் படுத்திருந்தோம். அப்புறம் எழுந்து சோலார் பலகையைப் பெருக்கிவிட்டு, போர்வைகளை வெயிலில் விரித்தோம்.