தேன் ஜாடிக் கிளாகஸ் வேறு, பொன் கவசக் கிளாகஸ் வேறு

கிரேக்கப் புராணம் பற்றிய பதிவில் ஒருவர், "தேன் ஜாடியில் விழுந்து செத்துப் பிழைத்த குழந்தை கிளாகஸ்தான் பிற்பாடு டிராய் போரில் பொன் கவசத்தை மாற்றிக்கொண்டவன்" என்று எழுதியிருக்கிறார். தவறு. பெயர் ஒன்று, ஆட்கள் வேறு.

தேனில் மூழ்கியவன் கிரீட் மன்னன் மினோஸின் மகன். செத்த பாம்பை இன்னொரு பாம்பு பச்சிலை வைத்து எழுப்பியதைப் பார்த்த ஒரு நிமித்திகன், அதே இலையால் பிள்ளையையும் எழுப்பினான்.

கவசம் மாற்றியவன் லிசியாக்காரன் (இன்றைய துருக்கியின் தென்மேற்குப் பகுதி), டிராய் பக்கம் நின்றவன். டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியம் 6ஆம் காண்டத்தில், எதிரே நின்ற கிரேக்க வீரன் டயோமிடீஸ் "நீ யார்?" என்று கேட்க, அவனே வம்சத்தைச் சொல்கிறான்: சிசிபஸ், அவன் மகன் கிளாகஸ், பிறகு பெல்லரோபோன், ஹிப்பொலோக்கஸ், கடைசியில் இவன். மினோஸ் எங்கே வருகிறான்? பாட்டன்மார் நட்பு தெரிந்ததும் இருவரும் தேரை விட்டிறங்கிக் கைபிடித்துக்கொள்கிறார்கள். கிளாகஸ் கொடுத்தது 100 மாடு பெறும் பொன் கவசம், வாங்கியது 9 மாடு பெறும் வெண்கலக் கவசம். எனக்கு மிகப் பிடித்த இடம் அது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அந்த வரிசையிலேயே இன்னொரு கிளாகஸ் இருப்பதைக் கவனியுங்கள். இவனுடைய கொள்ளுத்தாத்தா, தன் குதிரைகளாலேயே கடித்துக் குதறப்பட்டவன்.

மூலிகை தின்று கடல் தெய்வமான, அந்தெடோன் என்ற கிரேக்க ஊர் மீனவனும் கிளாகஸ்தான். அங்கேயும் பச்சிலை வருவதால் குழப்பம் கூடுகிறது. தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.