புதுக் காரின் பழுதும் ஜாப் கார்டும்

புதிய கார் ஒன்றில் பெரிய பழுது தெரியவந்ததும் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் ஆறுதல், "வாரண்டிதான் இருக்கிறதே, பார்த்துக்கொள்வார்கள்" என்பதுதான். அந்த ஆறுதலை நம்பியே பலர் முதல் சில மாதங்களை வீணாக்கிவிடுகிறார்கள். வாரண்டிக் கையேட்டை எடுத்து, சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பக்கங்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பழுதான பாகத்தைச் சரிசெய்து தருவோம், அல்லது அந்தப் பாகத்தை மாற்றித் தருவோம், இரண்டில் எதைச் செய்வது என்பதை நாங்களே முடிவுசெய்வோம் என்ற பொருளில்தான் பெரும்பாலும் எழுதியிருக்கும். காரையே மாற்றித் தருவதாகவோ பணத்தைத் திருப்பித் தருவதாகவோ ஒரு வரிகூட இருக்காது. பலமுறை முயன்றும் பழுது தீராவிட்டால் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கும் அதில் விடை கிடைக்காது. மாற்றிய பாகத்துக்கான உத்தரவாதமும் பெரும்பாலும் காரின் வாரண்டி முடியும் நாளோடு முடிந்துவிடும். கார் ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாள்களை யாரும் அதில் கூட்டித் தருவதில்லை.

இதை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்க நேர்ந்தது என் தங்கையின் காரால். விவகாரம் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரையும் டீலரின் பெயரையும் எழுதப் போவதில்லை. அவள் கோவையில் வங்கிப் பணியில் இருக்கிறாள். வாங்கியது டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கார்; அதாவது இரண்டு கிளட்சுகளை மாறி மாறி இயக்கி, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கார். முதல் சர்வீசுக்கு முன்பே, நெரிசலில் மெல்ல நகரும்போதெல்லாம் கார் உதறத் தொடங்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டு, பிறகு வெடுக்கென்று முன்னே பாயும். கோத்தகிரி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், கியர்பாக்ஸ் சூடேறிவிட்டது என்ற எச்சரிக்கை மீட்டரில் எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் உறுமியதே தவிர, சக்கரத்துக்கு விசை போகாமல் கார் பின்னோக்கி நகர்ந்தது. பின் இருக்கையில் அம்மாவும் குழந்தையும் இருந்தார்கள். பின்னால் ஓர் அரசுப் பேருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டுநர் நிதானமானவராக இருந்ததால்தான் அன்று எதுவும் ஆகவில்லை.

இந்த வகைக் கியர்பாக்ஸில், குறிப்பாக எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் உள்ளவற்றில், வேகம் குறைவாக இருக்கும்போது கிளட்ச் முழுவதுமாகப் பிடிக்காமல் வழுக்கியபடியே விசையைக் கடத்துகிறது. அப்படி வழுக்கும்போது எழும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள எண்ணெய் இல்லை. எனவே நெரிசலும் ஏற்றமும் அதற்குச் சோதனைதான். ஆனால் நம் நாட்டுச் சாலைகளில் நெரிசலும் ஏற்றமும் இருக்கும் என்பது இங்கே கார் விற்க வருகிறவருக்குத் தெரியாத செய்தி அல்லவே.

சர்வீஸ் சென்டரில் நடந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். வண்டியை விடும்போது அதன் குறைகளையும் செய்ய வேண்டிய வேலைகளையும் பதியும் ஜாப் கார்டில் 'கஸ்டமர் வாய்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. வாடிக்கையாளர் சொல்லும் குறையை அவர் சொன்னபடியே பதிவுசெய்ய வேண்டிய இடம் அது. மலைப்பாதையில் நடந்ததைத் தங்கை ஒன்றுவிடாமல் சொன்னாள். எதிரில் இருந்த சர்வீஸ் அட்வைசர் தலையாட்டிக்கொண்டே 'ஜெனரல் செக்கப்' என்று தட்டிவிட்டு, கையெழுத்துக்காகத் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இந்த மாடல் இப்படித்தான் மேடம் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்றார். பிறகு, "நீங்கள் பிரேக்கிலேயே காலை வைத்து ஓட்டுகிறீர்கள் போலிருக்கிறது, சாரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிற ஒரு பெண்ணைப் பார்த்து இப்படிச் சொல்வதில் உள்ள அவமதிப்பு ஒருபுறம் இருக்கட்டும்; இயந்திரத்தின் குறையை ஓட்டுகிறவரின் குறையாக மாற்றிவிடும் வேலை அங்கேயே, அந்த ஒரு வாக்கியத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. மாலையில் வண்டியைத் திருப்பித் தரும்போது, வேலை திருப்தியாக முடிந்தது என்ற தாளில் கையெழுத்திட்டால்தான் கேட் பாஸ் கிடைக்கும் என்றார்கள். பில்லில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்றும் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்றும் இருந்தது.

"நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை" என்ற பதில் நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் பவர்ஷிஃப்ட் என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களை விற்றது. கார் உதறுகிறது என்று வந்தவர்களிடம், கியர்பாக்ஸில் பரவலான கோளாறுகள் இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும், அது அவர்கள் ஓட்டும் முறையால் வருவது என்று சொல்லப்பட்டது. அந்த நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. புகார்களைக் கையாண்ட விதம் நியாயத்துக்குப் புறம்பானது என்று கூறி, 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்த அபராதம் பழுதான கியர்பாக்ஸைத் தயாரித்ததற்காக அல்ல, பழுதைச் சொல்ல வந்த மனிதரிடம் நடந்துகொண்ட முறைக்காக விதிக்கப்பட்டது என்பதை நம் நாட்டுச் சட்டம் இயற்றுபவர்கள் கவனிக்க வேண்டும்.

சர்வீஸ் சென்டர் ஊழியர்களை வில்லன்களாக்குவது என் நோக்கமல்ல. கியர்பாக்ஸ் போன்ற பெரிய பாகத்தை அவர்களாக மாற்றிவிட முடியாது. படமும் அறிக்கையும் அனுப்பி, நிறுவனத்தின் ஒப்புதல் வந்த பிறகுதான் கை வைக்க முடியும். கீழே இருப்பவர் திட்டு வாங்குகிறார், மேலே முடிவெடுப்பவரின் முகம் நமக்குத் தெரிவதே இல்லை. ஆனால் அந்தக் கீழ்நிலை ஊழியர் தட்டச்சு செய்யும் இரண்டு சொற்கள்தான் பின்னால் வழக்கின் தலையெழுத்தாகின்றன.

எப்படி என்பதைச் சொல்கிறேன். மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில் 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வாரண்டியில் நிறுவனம் ஏற்றுக்கொண்ட கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோ மட்டும்தான் என்பதால், காரையே மாற்றித் தரும்படி உத்தரவிட்டது சரியல்ல என்று தீர்ப்பளித்தது. ஃபியட் தொடர்பான வழக்கில் 2010ஆம் ஆண்டு, சார்பற்ற தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் காரைச் சோதித்து, உற்பத்தியிலேயே குறை இருப்பதாகச் சொன்னால்தான் விலையைத் திரும்பப் பெறலாம் என்ற வழியை அதே நீதிமன்றம் வகுத்தது. ஆக, உற்பத்திக் குறைபாடு என்பதை நிறுவும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழுகிறது; ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் இருந்தால் அதுவே அவருக்கு எதிராகத் திரும்பிவிடும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிடும் அதிகாரத்தை நுகர்வோர் ஆணையத்துக்குத் தருகிறது. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் அதற்கான கட்டணத்தைப் புகார் கொடுத்தவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும். சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; ஆணையத்தின் படியேறியவர்களுக்கு நடைமுறை தெரியும்.

இதற்கிடையே வேறொரு சிக்கலும் உண்டு. வழக்கு நடக்கும்போது காரை ஓட்டினால், "இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறதே, குறையுள்ள கார் எப்படி ஓடும்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரியும் டயரும் வீணாவதோடு, மாதத் தவணை கட்டிக்கொண்டே வேலைக்கு ஆட்டோவில் போக வேண்டியதுதான். தவணை மட்டுமா? தமிழ்நாட்டில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புதிய காருக்கு ஆயுள் வரி 18 விழுக்காடு. 12 லட்ச ரூபாய்க் காருக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் வரியாகவே போய்விடும். ஷோரூம் விலையை மட்டும் திருப்பித் தருவதாகச் சமரசம் பேச வருகிறவர்கள் இந்தத் தொகையைப் பற்றி வாய் திறப்பதில்லை. மேலே சொன்ன 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பில் விலையோடு ஆயுள் வரியும் திரும்பக் கிடைக்க வேண்டியவற்றில் சேர்க்கப்பட்டிருந்தது என்பதை, பேச்சுவார்த்தையில் உட்காரும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம்பிக்கை தரும் தீர்ப்பு ஒன்றும் உண்டு. 2015இல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா கார் 2017இல் விபத்துக்குள்ளானபோது ஏர்பேக் விரியவில்லை. காரை மாற்றித் தரவும் இழப்பீடு வழங்கவும் பிறப்பிக்கப்பட்ட உத்தரவை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுப் பார்க்கும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதே நியாயம் கியர்பாக்ஸுக்கும் பொருந்த வேண்டும் என்பதே என் வாதம். தன் காரின் கிளட்ச் ஏன் சூடேறுகிறது என்று ஒரு வங்கி ஊழியர் ஏன் நிரூபிக்க வேண்டும்? அதன் வரைபடமும் மென்பொருளும் சோதனைச் சாலையும் யாரிடம் இருக்கின்றன?

பிற நாடுகள் இந்தச் சுமையை இடம் மாற்றிவிட்டன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982லேயே இதற்கென 'லெமன் சட்டம்' இயற்றியது; தீராத பழுதுள்ள காரை அங்கே 'லெமன்' என்பார்கள். இன்று அங்கே பல மாநிலங்களில், ஒரே பழுதுக்காக 4 முறை முயன்றும் தீராவிட்டாலோ, மொத்தம் 30 நாள்கள் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலோ, அது மாற்றித் தர வேண்டிய கார் என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறையுள்ள பொருளை முதல் 30 நாள்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். அதன் பிறகும் 6 மாதங்களுக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்த குறையாகக் கருதப்படும்; அப்போது அந்தக் குறை இருக்கவில்லை என்பதை விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். நம் உறவினர்கள் பலர் வாழும் சிங்கப்பூரிலும் 2012 செப்டம்பரிலிருந்து இதே 6 மாத அனுமானம் நடைமுறையில் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு இந்தத் தீர்வு தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110அ பிரிவு, ஆபத்தான குறையுள்ள ஒரு மாடலைத் திரும்பப் பெறும்படி அரசு உத்தரவிட்டால், நிறுவனம் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும், அல்லது இணையான வேறு வாகனம் தர வேண்டும், அல்லது பழுதுபார்த்துத் தர வேண்டும் என்கிறது. மொத்தமாகப் பலருக்கு நேர்ந்தால் கிடைக்கக்கூடிய இந்த நிவாரணம், தனியொருவருக்கு நேரும்போது ஆண்டுக்கணக்கில் வழக்காடிப் பெற வேண்டியதாக இருப்பது முறையா? முதல் 6 மாதங்களில் தெரியும் பெரும் பழுது உற்பத்திக் குறைபாடு என்று கருதப்பட வேண்டும். பழுதுபார்க்கும் முயற்சிக்கும் ஒர்க்‌ஷாப் நாள்களுக்கும் சட்டத்திலேயே வரம்பு வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாள்கள் வாரண்டியில் கூட்டப்பட வேண்டும். வாடிக்கையாளர் சொன்ன குறையை அவர் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதாவிட்டால் அபராதம் விதிக்கப்பட வேண்டும். இவற்றைக் கேட்பதில் நான் எந்த மிகையையும் காணவில்லை.

அப்படி ஒரு சட்டம் வரும்வரை, இப்போது இந்த அல்லலில் இருப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். 'கஸ்டமர் வாய்ஸ்' கட்டத்தில் நீங்கள் சொன்னது ஏறும்வரை கையெழுத்திடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே குறையை ஒரே சொற்களில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அவை வெவ்வேறு சின்னக் கோளாறுகள் என்று வாதிடுவார்கள். ஸ்கேன் செய்தால் பழுதுக் குறியீடுகளை அழிப்பதற்கு முன்பே அந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அழித்த பிறகு உங்கள் கார் குறையே இல்லாத கார் ஆகிவிடும். திருப்தித் தாளில் கையெழுத்திட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், பழுது தீரவில்லை என்று அதிலேயே கையால் எழுதிவிட்டு இடுங்கள். என் தங்கை இரண்டாம் முறையிலிருந்து அப்படித்தான் செய்தாள்; அதன் பிறகுதான் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் வந்து காரைத் தானே ஓட்டிப் பார்த்து, உதறலை எழுத்தில் ஒப்புக்கொண்டார். டீலரிடம் பேசியதையெல்லாம் அன்றன்றே நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

ஆணையத்துக்குப் போவதென்றால், வேறொரு நகர நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம் என்று கையேட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியதற்கு மாவட்ட ஆணையமே போதும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். "அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்" என்ற வாக்குறுதிகளுக்குக் காத்திருந்தே அந்தக் காலம் கரைந்துவிடக்கூடும் என்பதால் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யலாம். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு.

பழுது உயிருக்கு ஆபத்தானது என்றால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகனத் திரும்பப் பெறுதல் இணையதளத்திலும் கட்டாயம் பதிவுசெய்யுங்கள். அங்கே ஒரே மாடலைப் பற்றி வரும் புகார்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் அரசின் விசாரணை தொடங்கும். சர்வீஸ் சென்டரின் காத்திருப்பு அறையில் தங்கைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த இருவர் அதே மாடல், அதே உதறல் என்று சொன்னார்கள். அவர்கள் இருவருமே அதை எங்கும் பதிவுசெய்திருக்கவில்லை.