டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் காரணமாக இருக்காது

படையிலிருந்து விடுவித்ததைக் காட்டும் டிஸ்சார்ஜ் சீட்டு இல்லாததால்தான், அமெரிக்க விடுதலைப் போரில் மிலிஷியாவில் (உள்ளூர்க் குடிமக்கள் படையில்) இருந்த ஒரு முதியவரின் ஓய்வூதிய மனு தள்ளுபடியானது என்கிறது நான் படித்த கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் போரின் வீரர்களுக்கான 1832 ஜூன் 7 ஓய்வூதியச் சட்டத்தில் சீட்டு இருந்தால் நல்லது, அவ்வளவுதான். இல்லாதவர்கள் உள்ளூர் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்து, எந்த ஆண்டு, எந்த அதிகாரியின் கீழ், எவ்வளவு காலம் என்று சொல்ல வேண்டும். தானாகச் சேர்ந்தாரா, கட்டாயமாக எடுக்கப்பட்டாரா, வேறொருவருக்குப் பதிலாகப் போனாரா என்றும் கேட்பார்கள். கூடவே ஒரு பாதிரியாரும் அக்கம்பக்கத்தாரும் 'இவர் போர் வீரர் என்றே ஊரில் பேச்சு' என்று சாட்சி சொல்ல வேண்டும்.

ஓய்வூதியத்துக்குக் குறைந்தது ஆறு மாதச் சேவை வேண்டும்; பலருக்கு உதைத்தது அந்தக் கணக்குதான். மிலிஷியா அழைப்புகள் பெரும்பாலும் மூன்று மாதமோ அதற்கும் குறைவோ. ஆகவே இரண்டு மூன்று தவணைகளைக் கூட்டித்தான் ஆறு மாதம் தேறும். எழுபதைத் தாண்டியவருக்கு ஐம்பது ஆண்டுக்கு முந்தைய மாதங்கள் நினைவிருக்குமா? ஒரு தவணை தேதி குழம்பினால் மொத்தமும் ஆட்டம் காணும். முறைப்படி திரட்டப்பட்ட படையில் இல்லாமல் எல்லையில் உளவு பார்த்ததைப் பல மனுக்களில் சேவையாகவே ஏற்கவில்லை.

இரண்டு ஆண்டு முழுச் சேவைக்குச் சாதாரணக் காலாட்படை வீரருக்கு ஆண்டுக்கு 80 டாலர், ஆறு மாதத்துக்கு 20. வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை. அது 1818 சட்டத்தின் நிபந்தனை. கட்டுரை இரண்டையும் கலந்துவிட்டது. ஓய்வூதிய மனுவின் கோப்பு எண்ணுக்கு முன் 'ஆர்' (R) இருந்தால் தள்ளுபடியானது, 'எஸ்' (S) என்றால் ஓய்வூதியம் கிடைத்தது.