விடாமுயற்சிக் கதை போதும்

கொரோனா தடுப்பூசிகளுக்கு வழி திறந்த விஞ்ஞானி கட்டலின் கரிக்கோ பற்றி யார் பதிவு போட்டாலும், கடைசி வரி 'உழைப்பு வீண் போகாது' என்றுதான் முடிகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா போனவர், 1989இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறான எம்.ஆர்.என்.ஏ.வை மருந்தாக்கலாம் என்று நம்பினார். மானியம் கேட்டு எழுதினார், கிடைக்கவில்லை. திரும்ப எழுதினார், அப்போதும் இல்லை. 1995இல் பதவியிறக்கம். மானியம் கொண்டு வராத ஆய்வாளருக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை.

அப்புறம் அந்த ஜெராக்ஸ் மெஷின். ஆய்விதழ்களை நகலெடுக்கப் போன இடத்தில் நோயெதிர்ப்பு ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனோடு பேச்சு ஆரம்பித்து, இருவரும் கூட்டு சேர்ந்தார்கள். சிக்கல் என்னவென்றால், ஆய்வகத்தில் செய்த எம்.ஆர்.என்.ஏ.வைக் கண்டதும் நோயெதிர்ப்பு செல்கள் ஏதோ கிருமி வந்துவிட்டதுபோல அழற்சியைக் கிளப்பின. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த டி.ஆர்.என்.ஏ.வை (புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் ஆர்.என்.ஏ.) மட்டும் அவை கண்டுகொள்ளவே இல்லை. அதுவும் ஆர்.என்.ஏ.தானே?

எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். ஒப்பீட்டுக் குழாயை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சும்மா இருப்பதுதான் அதன் வேலை. இவர்கள் அது ஏன் சும்மா இருக்கிறது என்று கேட்டார்கள். உடலில் உருவாகும் டி.ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் நிறைய ரசாயன மாற்றங்கள் உண்டு. அதைப் பின்பற்றி, தங்கள் எம்.ஆர்.என்.ஏ.வில் யூரிடின் என்ற எழுத்துக்குப் பதில் அதன் மாறிய வடிவமான சூடோயூரிடினைப் போட்டார்கள். அணுக்கள் அதேதான், சர்க்கரையோடு ஒட்டும் இடம் மட்டும் வேறு. செல்கள் அமைதியாகிவிட்டன.

'நேச்சர்' திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை 2005இல் 'இம்யூனிட்டி' இதழில் வந்தது. வந்தும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2013இல் கரிக்கோ ஜெர்மனியின் பயோஎன்டெக் மருந்து நிறுவனத்துக்குப் போனார். 2020இல் வந்த ஃபைசர்-பயோஎன்டெக், மாடர்னா கொரோனா தடுப்பூசிகள் இரண்டிலும் இருப்பது அந்த மாற்றத்தின் நெருங்கிய வடிவம். 2023இல் இருவருக்கும் நோபல். அதே பல்கலைக்கழகம் விழா எடுத்தது.

விழா எடுக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் நாமும் சேர்ந்துகொண்டு, 'அவமானத்தைத் தாங்கினார், ஜெயித்தார்' என்று பாடம் எடுக்க வேண்டுமா? அவர் தாங்கினார் என்பதற்காக, தாங்க வைத்தவர்கள் செய்தது சரியாகிவிடாது. 1995இல் அவர் மூட்டை கட்டியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அப்படிக் கிளம்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் பாதியில் விட்ட குறிப்பேடுகளில் என்ன இருந்தது என்று எந்த விழா மேடையிலும் யாரும் கேட்பதில்லை.